முதுகெலும்பு வளைவும் நரம்பு வலியும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 54. மதுரையில் சுங்குடிச் சேலைகளுக்கு முடிச்சுப் போடும் வேலையை வீட்டிலிருந்தபடியே செய்து வருகிறேன். பள்ளியில் படிக்கும்போதே என் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பதாகச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்போது வளைவு 32 டிகிரி. இடுப்புப் பகுதியில் இடது பக்கம் புடைத்திருக்கும் என்பதைத் தவிர, இத்தனை ஆண்டுகளாகப் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. சில மாதங்களாக வலது இடுப்பில் தொடங்கி, தொடையின் முன்பக்கம் வழியாக முழங்கால் வரை சுரீரென்று இழுக்கிறது. விளக்குத்தூண் பக்கம் சேலைகளைக் கொடுத்துவிட்டு நடந்து வரும்போது, பாதி வழியில் ஏதாவது ஒரு கடைப்படியில் உட்கார வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் சற்று நேரத்தில் வலி குறைந்துவிடுகிறது. இப்போதைய எக்ஸ்ரேயில் வளைவு 38 டிகிரி. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்ஆர்ஐ அறிக்கையில் இருக்கிறது. குனிந்து செய்யும் வேலையால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்கள். நரம்பைத் தட்டி நேராக்கிவிடலாம் என்கிறார் ஒருவர். ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயமுறுத்துகிறார் இன்னொருவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: சகோதரி, நடந்தால் வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதிகம் உதவியது அந்த வரிதான். முதுகெலும்பில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளுக்கு நடுவே, இரு பக்கமும் ஒவ்வொரு சிறு துவாரம் உண்டு; காலுக்குச் செல்லும் நரம்பின் வேர் அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. நாம் நிமிர்ந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்தத் துவாரம் சற்றுச் சுருங்குகிறது. உட்கார்ந்தாலோ முன்பக்கம் லேசாகக் குனிந்தாலோ விரிகிறது. உங்கள் இடுப்பு வளைவு இடது பக்கம் புடைத்திருப்பதால், வலது பக்கம் உட்குழிந்து, அங்கே எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. வயது ஏற ஏற ஜவ்வு உலர்ந்து அதன் உயரம் குறைகிறது, பின்பக்க மூட்டுகள் தடிக்கின்றன. ஏற்கெனவே குறுகலாக இருந்த வழி இன்னும் குறுகிவிடுகிறது. அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் நசுங்குபவை மூன்றாவது, நான்காவது இடுப்பு நரம்பு வேர்கள். அவை வலியைக் கொண்டுபோகும் இடம் தொடையின் முன்பக்கமும் முழங்காலும்தான். நீங்கள் சொல்லும் வலியும் உங்கள் வளைவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

32 டிகிரி 38 ஆகிவிட்டதே என்று நீங்கள் கலங்க வேண்டாம். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948ஆம் ஆண்டில் விவரித்த முறையில்தான் இன்றும் இந்தக் கோணத்தை அளக்கிறோம். ஒரே படத்தை இருவர் அளந்தாலே 5 டிகிரி வரை வேறுபடலாம். ஆகவே நாற்பது ஆண்டுகளில் 6 டிகிரி கூடியிருப்பது பெரிய மாற்றமல்ல. உங்கள் வலிக்குக் காரணம் வளைவு முழுவதும் அல்ல, அதில் ஓரிடத்தில் ஒரு நரம்பு நெரிபடுவதே. வளைவை நிமிர்த்தாமலேயே அந்த நெரிசலைக் குறைக்க வழி இருக்கிறது என்பதால், இந்த வேறுபாட்டை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எம்ஆர்ஐ படம் படுத்த நிலையில் எடுக்கப்படுவது. உங்களுக்கு வலி வருவதோ நிற்கும்போது. வலியே இல்லாத பலருக்கும் அந்தப் படத்தில் ஜவ்வுப் பிதுக்கம் தெரியும். எனவே நின்றபடி எடுத்த எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, உங்கள் காலைத் தொட்டும் தட்டியும் பார்க்கும் பரிசோதனை ஆகிய மூன்றையும் ஒருவரே சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது வேறு சில காரணங்களையும் விலக்க வேண்டும். வலி கவட்டையில் தொடங்கி, காலை மடக்கி உட்காரவே சிரமமாக இருந்தால் இடுப்பு மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். சர்க்கரை நோயும் தொடை நரம்பைத் தாக்கும் என்பதால் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிந்து மரத்துப்போகிறது என்றால், பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதே காரணமாக இருக்கக்கூடும். தொடையின் வெளிப்புறத் தோலுக்குச் செல்லும் நரம்பு, நாடா அழுந்தும் இடத்துக்கு அருகில்தான் வெளிவருகிறது. நாடாவைத் தளர்த்தி, அகலமான பட்டையாக மாற்றிய சில வாரங்களிலேயே குணமடைந்தவர்கள் உண்டு.

வேலையை விட வேண்டுமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். முடிச்சுப் போடும்போது நீங்கள் உட்கார்ந்து முன்பக்கம் குனிகிறீர்கள். உங்கள் நரம்புக்கு அது இளைப்பாறும் நிலை. கெடுதல் செய்வது வேறு. தரையில் ஒரு காலை மடக்கி, மறு காலைக் குத்திட்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பதும், ஒரே கைப்பையில் சேலைகளைக் கட்டித் தூக்கிப் போவதும்தான் ஆகாது. சாணளவு உயரமுள்ள முக்காலியில், முதுகுக்குச் சுவரும் மடியில் தலையணையும் வைத்து உட்காருங்கள். துணி கண்ணுக்கு அருகே வந்தால் கழுத்தும் அவ்வளவு தொங்காது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சற்று நடங்கள். சுமையை இரண்டு கைகளிலும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடுப்பில் குடம் தூக்குவதை அடியோடு நிறுத்திவிடுங்கள். இடது இடுப்பில் குடம் இருந்தால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, நெருக்கமாக இருக்கும் அந்தப் பக்கமே மேலும் நெருங்கும். அடுப்படியில் நிற்கும்போது தாழ்வான பலகை ஒன்றைப் போட்டு, கால்களை மாற்றி மாற்றி அதன்மேல் வையுங்கள்.

வலி கடுமையாக இருக்கும் நாளில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலியின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு, வலி இல்லாத இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு ஒன்றை அடியில் கொடுங்கள். அப்போது மேலே இருக்கும் வலது பக்கம் நீண்டு விரிவதை நீங்களே உணர்வீர்கள். பத்து நிமிடம் போதும். மரப்பு கூடினால் உடனே எழுந்துவிடுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு நடையைவிட, நகராமல் ஓரிடத்திலேயே இருக்கும் உடற்பயிற்சி சைக்கிளை உட்கார்ந்தபடி ஓட்டுவது ஒத்துக்கொள்ளும். புஜங்காசனம், சக்கராசனம் போல முதுகைப் பின்னால் வளைக்கும் ஆசனங்கள் இப்போது வேண்டாம். ஜவ்வு புதிதாகப் பிதுங்கிய இளைஞர் ஒருவருக்கு அதே புஜங்காசனம் நன்மை செய்யலாம் என்பதால், இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்த பயிற்சித் தாளை வாங்கிப் பின்பற்றாதீர்கள். வயிறு, முதுகு, பிட்டத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் நேரில் கற்று, குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மருந்துக்கடையில் நீங்களாகவே வலி மாத்திரை அட்டையை வாங்கி விழுங்கும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரையோடு டைக்ளோஃபெனாக் போன்றவை சேரும்போது அழுத்தம் ஏறுவதோடு, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். நரம்பு வலிக்கென்று தரப்படும் ப்ரீகாபலின், காலுக்கு இறங்கும் இவ்வகை வலியில் எல்லோருக்கும் பலன் தருவதில்லை. தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும். அதை எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை போதாதபோது, எக்ஸ்ரே கருவியின் உதவியோடு, நெரிபடும் நரம்பு வேரின் அருகிலேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம். அதன் பலன் சில வாரங்களோ சில மாதங்களோதான் நிற்கும். ஆனால் பயிற்சியைத் தொடங்க அந்த இடைவெளி உதவும். வலி எந்த வேரிலிருந்து வருகிறது என்பதையும் அது உறுதிப்படுத்திவிடும்.

நரம்பைத் தட்டுவது, முதுகில் ஏறி மிதிப்பது, கழுத்தைத் திருகிச் சொடுக்குவது ஆகிய எதற்கும் உங்கள் முதுகைக் கொடுக்காதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலுவிழந்திருப்பது சாதாரணம். அழுத்தினால் எலும்பு நொறுங்கும் ஆபத்து இருக்கிறது. எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. இடுப்பு பெல்ட்டை வெளியே போகும்போது ஓரிரு மணி நேரம் அணியலாம். நாள் முழுவதும் அணிந்தால் தசைகள் சோம்பிவிடும்.

ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போகும் என்பது மிகையான அச்சம். ஆனால், வளைந்த முதுகெலும்பில் நரம்புக்கு வழிவிடுவதற்காக எலும்பைச் செதுக்கினால் வளைவு கூடலாம் என்பதால், சிலருக்குத் திருகாணி போட்டு எலும்புகளை இணைக்கவும் வேண்டியிருக்கும். அது பெரிய அறுவை. பயிற்சி, மருந்து, ஊசி ஆகியவற்றை முறையாகச் செய்தும் நடக்க முடியாத நிலை நீடித்தால் மட்டும் யோசியுங்கள்; நெரிசலை மட்டும் நீக்குவதா, இணைக்கவும் வேண்டுமா, இணைத்தால் எத்தனை எலும்புகளை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் மலமோ சிறுநீரோ கழிந்தாலோ, மலம் கழித்துக் கழுவும்போது அந்த இடத்தில் உணர்ச்சி தெரியாவிட்டாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுந்தாலோ, அது இரவு இரண்டு மணியானாலும் 108ஐ அழைத்து ராஜாஜி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். இதில் மணிக்கணக்கு முக்கியம்.

கேள்வி: எங்கள் 12 வயது மகளுக்கு ஒரு தோள் உயர்ந்திருக்கிறது. வளைவு 27 டிகிரி என்கிறார்கள். பிற்காலத்தில் இவளுக்கும் நரம்பு நசுங்கி வலி வருமா? பள்ளிப் பைதான் காரணமா?

– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: பள்ளிப் பை வளைவை உண்டாக்குவதில்லை, அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். இந்த வயதில் வளைவால் நரம்பு நசுங்குவது மிக அரிது. இரவில் எழுப்பும் வலியோ, கால் மரப்போ இருந்தால் மட்டும் எம்ஆர்ஐ எடுத்து வேறு காரணம் தேட வேண்டும். இன்னும் வளரும் குழந்தைக்கு 25 முதல் 40 டிகிரி வரை வளைவு இருந்தால், வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் பிரேஸ் என்ற கவசத்தைப் பரிந்துரைப்பது வழக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமல் நின்றது. அணியாதவர்களில் 48 சதவீதத்தினருக்கு மட்டுமே அப்படி நின்றது. கூடுதல் மணி நேரம் அணிந்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. மதுரை வெயிலில் அதை அணிவது எளிதல்ல. உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன் ஒன்றைப் போட்டுவிட்டு, வியர்த்ததும் மாற்றுங்கள். தோல் சிவந்து அரை மணியில் மறையாவிட்டால் பிரேஸைச் சரிசெய்யக் கொண்டுபோங்கள். அவள் பூப்பெய்திவிட்டாளா, எப்போது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதி இருக்கிறது, பிரேஸ் எத்தனை காலம் தேவைப்படும் என்பதை அதை வைத்தும் எக்ஸ்ரேயை வைத்தும்தான் கணிப்பார்.