முட்டைப்பழப் பொடி துவர்க்கிறது, கட்டி பிடிக்கிறது: லூகுமா கன்று வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு ஊர் செங்கோட்டை பக்கம் புளியரை. மூன்று ஏக்கர் தென்னை. வெள்ளை ஈ வந்த பிறகு காய்ப்பு பாதிதான். வேலியோரம் எங்கப்பா வைத்த முட்டைப்பழ மரம் இரண்டு நிற்கிறது. ஆனி, ஆடியில் பழம் கொட்டும். தின்ன ஆளில்லாமல் வீணாகும். போன மாதம் ஒரு நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது லூகுமா ஜாதி. பெரு நாட்டில் லூகுமாவைப் பொடியாக்கிச் சீனிக்குப் பதிலாக விற்கிறார்கள், சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம். ஒரிஜினல் லூகுமா கன்று என்னிடம் இருக்கிறது. 200 கன்று வையுங்கள், பழத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றார். கன்று 650 ரூபாய், பாதி முன்பணம். நான் ஒரு கூடை முட்டைப்பழத்தை அறுத்து மொட்டை மாடியில் காயவைத்து மிக்ஸியில் அரைத்துப் பார்த்தேன். பொடி பழுப்பாகிவிட்டது, நாக்கில் துவர்க்கிறது, ஒரு வாரத்தில் பாட்டிலுக்குள் கல்லாக இறுகிவிட்டது. "மால்டோ கலந்தால் உதிரியாக நிற்கும்" என்கிறார் அவர். எவ்வளவு கலக்க வேண்டும்? கன்று வைக்கலாமா? வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை, எனக்கும் மனசு நிலையாக இல்லை.

பதில்: அண்ணாச்சி, அந்த 65,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கலாமா என்ற யோசனையே இப்போது வேண்டாம். மற்றதை அப்புறம் பேசுவோம்.

லூகுமாவும் முட்டைப்பழமும் சப்போட்டா குடும்பத்தின் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பது உண்மைதான். அதோடு உறவு முடிந்தது. உங்கள் முட்டைப்பழத்துக்குப் பூர்வீகம் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துச் சூடான தாழ்நிலம். அதனால்தான் புளியரையில் வேலியோரத்தில் யாரும் கவனிக்காமலே காய்க்கிறது. லூகுமா ஆண்டிஸ் மலைப் பள்ளத்தாக்குகளின் மரம். பெருவில் லிமா, அயகுச்சோ, லா லிபர்தாத் பகுதிகளில் வளர்க்கிறார்கள். லிமா பக்கம் மழை என்பதே பெயருக்குத்தான். வாய்க்கால் தண்ணீரில், மிதமான குளிர்ச்சியில் அது காய்க்கிறது. ஈரம் தேங்கும் மண்ணும் புழுக்கமும் அதற்கு ஆகாது. உங்கள் ஊரிலோ ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைந்து இரண்டு மூன்று மாதம் சாரலாகவே நிற்கும். அந்த இடத்தில் 200 லூகுமா வைக்கச் சொல்பவர், ஒன்று அந்த மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, இல்லை உங்கள் பணத்தை மட்டும் பார்க்கிறார்.

அவரிடம் ஒரே ஒரு காகிதம் கேளுங்கள். வெளிநாட்டு விதையோ கன்றோ இந்தியாவுக்குள் வர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்பிய நாட்டின் நோயின்மைச் சான்றும் வேண்டும். தாய்மரம் எங்கே நிற்கிறது, போய்ப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அவர் கையில் இருப்பது முட்டைப்பழ விதை போட்டு முளைத்த நாற்றாகத்தான் இருக்கும். உங்கள் மரத்தடியில் சும்மா முளைத்துக் கிடப்பதையே 650 ரூபாய்க்கு உங்களுக்கு விற்கப் பார்க்கிறார். "பழத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்ற வாக்கை நம்பித்தான் ஈமு கோழியில் கொங்கு நாட்டுக்காரர்கள் வீடு வாசல் இழந்தார்கள். வெனிலா விலை ஏறி நின்றபோது கொடி விற்றவர்கள் சம்பாதித்தார்கள், 2004 வாக்கில் விலை கவிழ்ந்தபோது கொடி வளர்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கன்று விற்பவரே விளைச்சலையும் வாங்குவார் என்றால், அவருடைய லாபம் கன்று விற்ற அன்றே முடிந்துவிடுகிறது.

இனி உங்கள் பொடி. "ஒரு கூடை பழம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எத்தனை பழம் தொட்டால் அமுங்கியது என்று எழுதவில்லை. கோளாறு அங்கேதான். சாரல் காற்றில் உதிர்ந்ததைக் காயும் பழமுமாகப் பொறுக்கி அறுத்திருப்பீர்கள். சப்போட்டாக் காயைக் கடித்தால் வாய் எப்படிப் பசையாக ஒட்டுமோ, இதுவும் அதே குடும்பத்துப் பால்தான். பழுக்கப் பழுக்கப் பால் வற்றும், துவர்ப்பு போகும், மாவு இனிப்பாக மாறும். பழுக்காத காயை உலர்த்தினால் பாலும் துவர்ப்பும் அப்படியே பொடியில் தங்கிவிடும். தண்ணீர் போன பிறகு முன்பைவிடத் தூக்கலாகவே தெரியும். அதைப் பிறகு எந்தப் பொருள் கலந்தாலும் எடுக்க முடியாது.

இதை நான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று சிலருக்குச் சலிப்பு. ஆனாலும் எழுதுவேன்: பொடியின் தரம் மரத்தில் முடிவாகிறது, மெஷினில் இல்லை. ஊரில் உலர்த்தி வாங்கினவர்கள், அரவை மெஷின் வாங்கினவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். பழம் எப்போது பறிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. பெருவில் லூகுமாவைக் கீழே விழுந்த அன்றே தின்ன மாட்டார்கள். வைக்கோலில் போட்டுச் சில நாள் வைத்திருந்து, நெகிழ்ந்த பிறகே எடுப்பார்கள். சதை மென்மையாக இருக்கும் ரகத்தைப் பழமாகத் தின்பதற்கும், கட்டையாக இருக்கும் ரகத்தைப் பொடிக்கும் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். பெருவில் பழங்காலத்தில் வாழ்ந்த மோச்சே மக்கள் தங்கள் மண்பாண்டங்களில் இந்தப் பழத்தை வனைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவ்வளவு காலப் பழக்கம் உள்ளவர்களே அவசரப்படுவதில்லை.

உங்கள் மரத்துக்கு நான் சொல்வது இது. தோலில் பச்சை சுத்தமாக மறைந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் ஏறும் வரை மரத்திலேயே விடுங்கள். உலுக்காதீர்கள், தொரட்டியால் இழுத்துக் கீழே போடாதீர்கள். காம்போடு கத்தரித்து இறக்குங்கள். மஞ்சளாக இருந்தாலும் அன்றைக்கு அது கல்லாகத்தான் இருக்கும். வைக்கோல் பரப்பி ஒரே அடுக்காக அடுக்குங்கள். மூன்று நாளிலும் நெகிழலாம், பத்து நாளும் ஆகலாம். தினமும் தொட்டுப் பார்த்து, அமுங்குவதை மட்டும் எடுங்கள். சீக்கிரம் பழுக்கக் கார்பைடு கல் வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அது சட்டப்படியே தடை, வாசல் ஏற விடாதீர்கள். எடுத்ததை அறுத்துப் பாருங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் முத்து முத்தாக நின்றால் மறுபடி வைக்கோலுக்கு. பால் இல்லாமல், சதை அவித்த முட்டை மஞ்சள் கரு போல உதிரியாக, விதை தானாகக் கழன்று வந்தால் அதுதான் பொடிக்குரிய பழம். உதிர்ந்து அடிபட்ட பச்சைக் காயைத் தென்னை மூட்டில் உரக்குழிக்குப் போடுங்கள். அதைக் காசாக்க நினைத்தால் நல்ல பழத்தின் பொடியும் சேர்ந்து கெடும்.

பழுப்பு நிறம் வருவது அறுத்த சதையில் காற்று பட்டு. தோல் சீவி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சில்லு போட்டவுடன் ஆவியில் மூன்று நிமிடம் காட்டி எடுங்கள். குறைந்தது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலாவது நனைத்தெடுங்கள். பிறகு 55 முதல் 60 டிகிரி. மொட்டை மாடி இதற்கு உதவாது, அதுவும் ஆடிச் சாரலில். பகலில் காய்ந்தது ராத்திரியில் ஈரம் குடிக்கும். கொப்பரைக்கு வைத்திருக்கும் சூரிய உலர்த்தியைப் பயன்படுத்தலாம், ஆனால் தட்டு தனியாக வேண்டும். கொப்பரைத் தட்டில் ஊறியிருக்கும் சிக்கெண்ணெய் வாசம் பழப்பொடியில் ஏறினால் விற்கவே முடியாது. கொப்பரைக்குப் போடுகிற கந்தகப் புகையையும் இதற்குப் போடாதீர்கள். சாரல் விடாமல் அடித்தால் சதையைக் கூழாக்கி ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டு, சாரல் ஓய்ந்த பிறகு மெல்லிய ஏடாகத் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். ஏட்டை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அரைத்தால் கட்டும். முழுக்க ஆறிய பிறகு, வெயில் அடிக்கும் நேரத்தில் அரைத்து, அரைத்த கையோடு அலுமினியத் தாள் ஒட்டிய பையில் சீல் வையுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். வெளிச்சம் பட்டால் மஞ்சள் நிறம் வெளுக்கும், மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஈரம் உள்ளே போகும்.

மால்டோ எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்டீர்கள். கலக்காதீர்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது பெரும்பாலும் மக்காச்சோள மாவிலிருந்து எடுக்கிற மாவுச்சத்துத் தூள். பழச்சாற்றைத் தெளித்து உலர்த்தும் பெரிய ஆலைகளில், சாறு உலர்த்தும் கலத்தின் சுவரில் ஒட்டாமல் இருக்க அதைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சதையைச் சில்லாக உலர்த்தி அரைக்கிற உங்களுக்கு அந்த அவசியமே இல்லை. சரியாகக் காய்ந்த பழம் அரைத்தால் உதிரியாகத்தான் வரும். ஈரம் படாமல் வைத்தால் உதிரியாகத்தான் இருக்கும். இதைச் சேர்க்கச் சொல்லும் வியாபாரிகளுக்கு எடை கூடுவதுதான் கணக்கு. இதில் இன்னொரு கொடுமை, இந்தத் தூள் ரத்தச் சர்க்கரையைச் சீனியைவிட வேகமாக ஏற்றக்கூடியது. அதைக் கலந்து, மேலே "சுகர் உள்ளவர்களுக்கு" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்களை வியாபாரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் "சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்" என்ற பேச்சை நீங்கள் நம்பியது போலத் தெரிகிறது. சீனித்துளசியும் சீனத்து மாங்க் ஃப்ரூட்டும் இனிப்பது சர்க்கரையால் அல்ல, வேறு வேதிப்பொருளால். அதனால் அவற்றைச் சீனிக்கு மாற்று என்கிறார்கள். லூகுமாவும் முட்டைப்பழமும் அப்படியல்ல. பழச் சர்க்கரையால் இனிப்பவை. 100 கிராம் முட்டைப்பழச் சதையில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாகச் சுமார் 37 கிராம், தண்ணீர் சுமார் 60. தண்ணீரை ஐந்து சதவீதத்துக்கு இறக்கினால் 100 கிராம் பொடியில் அது 88 கிராம் பக்கம் வந்து நிற்கும். சீனி அளவுக்கு இனிக்காது என்பதால் அதே இனிப்புக்குப் பொடியை அதிகமாகவும் போட வேண்டியிருக்கும். லூகுமா சாறு சோதனைக் குழாயில் மாவுச்சத்துச் செரிமானத்தைத் தாமதப்படுத்துகிறது என்று ஓர் ஆய்வு உண்டு. அதை வைத்து நோயாளிக்குப் பொடி விற்க முடியாது. உங்கள் பொடிக்கு நல்ல குணம் இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளைச் சீனியில் இல்லாத நார்ச்சத்து இருக்கிறது, மஞ்சள் நிறம் கொடுக்கும் கரோட்டின் இருக்கிறது. பாலிலோ தேங்காய்ப்பாலிலோ கலந்தால் அந்தக் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். பையின் மேல் "முட்டைப்பழப் பொடி, வேறு எதுவும் சேர்க்கவில்லை" என்று எழுதுங்கள். அதுவே போதும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இதை யார் தின்பார்கள் என்பது. பெருவில் லூகுமா பொடி நிலைத்தது மருந்தாக விற்றதால் இல்லை. லூகுமா ஐஸ்கிரீம் என்றால் அங்கே பிள்ளைகள் வரிசையில் நிற்கும். உள்ளூர்க்காரன் தினமும் தின்கிறான், மீதி வெளிநாட்டுக்குப் போகிறது. உங்களுக்குப் பக்கத்தில் குற்றாலம் இருக்கிறது. சீசனில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் தேடி வாங்குகிற கூட்டம் வருகிற அதே ஆனி ஆடியில்தான் உங்கள் மரம் கொட்டுகிறது. முதலில் பழத்தை விற்றுப் பாருங்கள். தெரியாதவர்களுக்கு ஒன்றைப் பிளந்து காட்டி, பாலும் கொஞ்சம் கருப்பட்டியும் விட்டு அடித்து ஒரு மடக்கு குடிக்கக் கொடுங்கள். வறட்டுச் சதை என்பதால் வெறுமனே தின்றால் பலருக்குத் தொண்டையில் அடைக்கும். பாலோடு சேர்த்தால் பிடித்துப்போகும். தோலும் விதையும் போக 100 கிலோ பழத்தில் 65 கிலோ சதை தேறினால் பொடி 25 கிலோ மிஞ்சும். பழமே கிலோ 60 ரூபாய்க்குப் போகும் என்றால், ஒரு கிலோ பொடிக்குள் 240 ரூபாய்ப் பழம் இருக்கிறது. அதன் மேல் கரண்ட், கூலி, பை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, விற்று மீந்த பழத்தை மட்டும் பொடியாக்குங்கள். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எடுத்துவிடுங்கள். ஈரப்பத அளவு பார்க்கவும், உங்கள் பழத்தை அவர்கள் மெஷினில் ஓட்டிப் பார்க்கவும் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேளுங்கள். சொந்தமாக உலர்த்தி வாங்குவது அதற்குப் பிறகுதான். வேளாண் பொறியியல் துறையில் சூரிய உலர்த்திக்கு மானியம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

மரம் கூட்ட ஆசை இருந்தால் உங்கள் இரண்டு மரத்தில் எது சதை கூடுதலாக, நிறம் ஆழமாக, விதை குறைவாகக் கொடுக்கிறது என்று இந்த ஆடியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழத்திலிருந்து எடுத்த விதையை அன்றோ மறுநாளோ பையில் ஊன்றிவிடுங்கள், காயவிட்டால் முளைப்பு போய்விடும். நாற்று பென்சில் கனம் வந்ததும் குறித்த மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள். சப்போட்டாவைப் பாலை மர நாற்றில் ஒட்டுவது போல இதையும் ஒட்டித் தருகிறேன் என்று ஒட்டுக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முட்டைப்பழத்தின் சொந்த நாற்றிலேயே ஒட்டட்டும். பத்து மரம் போதும். தென்னை நிழலுக்குள் நடாமல், வெயில் விழும் வரப்போரமாக வையுங்கள். வெள்ளை ஈக்குத் தனியாக எழுதுங்கள், ஓலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். வருமானம் குறைந்ததற்குக் காரணமான அதற்கு வழி பார்க்காமல் புதுப் பயிருக்கு ஓட வேண்டாம்.