கம்பியா, சாம்பிளா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். வீட்டிலேயே இசைப்பதிவு செய்வது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எனக்குக் கீபோர்டு மட்டும்தான் வாசிக்க வரும். நண்பர்களின் குறும்படங்களுக்கும், எங்கள் சமூக மன்றத்துப் பொங்கல் நிகழ்ச்சிக்கும் இசை போட்டுக் கொடுப்பேன். போன வருடம் எலக்ட்ரிக் கிட்டார் சாம்பிள் தொகுப்பு ஒன்று வாங்கினேன்; யாரோ வாசித்துப் பதிந்த கிட்டார் சுரங்களைக் கீபோர்டுக் கட்டைகளில் வாசிக்கலாம். கேட்ட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிட்டார் வாசிக்கும் ஒரு நண்பர் மட்டும் நாலு வினாடி கேட்டுவிட்டு, "கீபோர்டு வாடை அடிக்குதே" என்றார். எங்கே அடிக்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு துண்டுகளை இணைத்திருக்கிறேன். முதலாவது தோடியில் ஒரு மெட்டு. இரண்டாவது சண்டைக் காட்சிக்குப் போட்ட, ஒலியை நசுக்கிக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷன் கிட்டார். இன்னும் விலை கூடிய சாம்பிள் வாங்கினால் சரியாகுமா, இல்லை கிட்டாரையே வாங்கிவிடலாமா? மூவறை வீடு, கைக்குழந்தை, பக்கத்து வீட்டில் வயதானவர்கள். "வாசிக்கத் தெரியாத சாமான எங்க கொண்டு வைக்கப் போறீங்க?" என்கிறார் மனைவி. சாம்பிளில் செய்வது ஏமாற்று வேலையோ என்ற உறுத்தலும் இருக்கிறது.

மு.,
செங்காங்

*

அன்புள்ள மு.,

உறுத்தலை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். 1961-ல் ஷேடோஸ் என்ற பிரிட்டிஷ் கிட்டார் குழு சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனபின் இங்கே கிட்டார் குழுக்கள் மளமளவென்று முளைத்தன. அந்தப் பையன்களுக்கு உங்கள் கேள்வியே வந்திருக்காது. கிட்டார் ஒலி வேண்டுமென்றால் கிட்டார் வேண்டும், அவ்வளவுதான். 1991-ல் மின் கீபோர்டுகளுக்கான ஜெனரல் மிடி என்ற பொதுத் தரம் வந்தபோது, 128 வாத்தியங்கள் கொண்ட அதன் பட்டியலில் 25 முதல் 32 வரை எட்டு இடங்கள் கிட்டாருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு உலகத்தில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான். நானும்தான்.

இரண்டு துண்டுகளையும் ஹெட்ஃபோனில் மூன்று முறை கேட்டேன். ஒலியில் ஒரு பழுதும் இல்லை. நல்ல கிட்டார், நல்ல கை, நல்ல பதிவு. அதனால் விலை கூடிய தொகுப்புக்குக் காசைக் கொட்டாதீர்கள். உங்கள் நண்பர் மூக்கில் ஏறிய வாடை நீங்கள் எழுதிய சுரங்களிலிருந்து வருகிறது.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மேடை நாடகத்துக்குப் பின்னணி செய்து, மெச்சிக்கொள்வான் என்று அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். தேசிய சேவையிலிருந்து வார இறுதி விடுப்பில் வந்திருந்தான், மொட்டைத் தலையோடு. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, என் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். மூன்றாவது கார்டில் விரல் எட்டவில்லை. சுண்டு விரலை இழுத்துப் பார்த்தான், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். "மாமா, இது எந்தக் கம்பில வாசிச்சது?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. கம்பி என்று ஒன்று இருப்பதையே நான் நினைக்கவில்லை.

அந்தக் கேள்வியை உங்கள் முதல் துண்டில் 22-வது வினாடியில் கேட்டுப் பாருங்கள். ஏழு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. கிட்டாருக்குக் கம்பி ஆறுதான்.

கீபோர்டில் நாம் கார்டு பிடிக்கும்போது விரல்கள் பக்கத்துப் பக்கத்தில் விழும். கிட்டாரில் இ மேஜர் என்ற சாதாரணக் கார்டு எப்படி அமைகிறது என்று பாருங்கள். தடித்த கம்பியிலிருந்து மேற்கத்தியச் சுரப் பெயர்களில் எண்ணினால் இ, பி, இ, ஜி ஷார்ப், பி, இ. ஆறில் மூன்று இ, இரண்டு பி. மேஜரா மைனரா என்று காட்டும் ஜி ஷார்ப் ஒரே ஒரு கம்பியில், நடுவில். இந்த அமைப்பை எந்தக் கீபோர்டுக் கையும் தானாகப் போய்ப் பிடிக்காது. போதாததற்கு ஆறும் ஒரே கணத்தில் ஒலிப்பதில்லை. கீழ்நோக்கி அடித்தால் தடித்த கம்பி முந்திக்கொள்ளும், மேல்நோக்கி அடித்தால் மெல்லிய கம்பி. மேலே போகும் அடியில் பெரும்பாலும் மூன்று நான்கு கம்பிகளுக்கு மேல் படுவதுமில்லை. உங்கள் துண்டில் எல்லா அடியும் ஆணியடித்த மாதிரி ஒரே நேரத்தில் விழுகிறது.

இன்னொன்று. ஆக மெல்லிய முதல் கம்பியை, ஃபிரெட் என்கிற குறுக்குத் தடுப்பு எதிலும் அழுத்தாமல் மீட்டினால் வருகிற அதே இ, இரண்டாம் கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டில் இருக்கிறது, மூன்றாவதில் ஒன்பதாவதில், நான்காவதில் பதினான்காவதில். நான்கும் அதே உயரம்தான், ஆனால் குணம் வேறு. மெல்லிய கம்பியில் பளிச்சென்று இருக்கும், தடித்த கம்பியில் மேலே ஏறிப் பிடித்தால் தொண்டையில் சளி கட்டியது போல உருண்டு வரும். கீபோர்டில் அதற்கு ஒரே ஒரு கட்டை. நல்ல தொகுப்புகளில் கம்பியைத் தேர்ந்துகொள்ளக் கீஸ்விட்ச் என்று ஒலிக்காத தனிக் கட்டை வைத்திருப்பார்கள். உங்களிடம் இருப்பதிலும் இருக்கும், ஒருமுறை தேடுங்கள்.

இனி சண்டைக் காட்சி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கோளாறு கேட்கும் காதில் இல்லை, பௌதிகத்தில் இருக்கிறது.

டிஸ்டார்ஷன் என்பது ஒலியின் மேல் பூசுகிற வர்ணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது மாவு அரைக்கிற வேலை. உளுந்தையும் அரிசியையும் சேர்த்து அரைப்பதும், தனித்தனியே அரைத்துப் பிறகு கலப்பதும் ஒன்றாகுமா? 110 ஹெர்ட்ஸ் உள்ள ஏ-யும், அதற்கு ஐந்தாம் சுரமான 165 ஹெர்ட்ஸ் இ-யும் ஒரே ஆம்ப்ளிஃபையருக்குள் ஒன்றாக நுழைந்து நசுங்கும்போது, இரண்டின் வித்தியாசமான 55 ஹெர்ட்ஸ் புதிதாகப் பிறக்கிறது. கிட்டாரின் ஆகத் தாழ்ந்த சுரமே 82 ஹெர்ட்ஸ்தான். ஆக, அந்த வாத்தியத்திலேயே இல்லாத ஒரு அடி ஏ கீழேயிருந்து உறுமுகிறது. இப்படி இரண்டே சுரம் கொண்ட பவர் கார்டு நெஞ்சில் வந்து மோதுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீங்கள் எடுத்திருப்பது டிஸ்டார்ஷனோடு சேர்த்தே பதிவான சாம்பிள் என்று கேட்கும்போதே தெரிகிறது. அதில் ஒவ்வொரு சுரமும் தனியாக அரைபட்ட பிறகு கலக்கிறது. அந்த 55 ஹெர்ட்ஸ் பிறக்கவே வழியில்லை. அதனால்தான் சத்தம் பெரிதாக இருந்தும் படத்தில் அடி விழாதது போல இருக்கிறது.

செய்ய வேண்டியது சுலபம். அதே தொகுப்பில் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) இல்லாமல் நேரடியாகப் பதிந்த 'கிளீன்' ஒலியை எடுத்துக்கொண்டு, கார்டு முழுவதையும் ஆம்ப் போலவே நடிக்கும் மென்பொருளான ஒரே ஆம்ப் சிமுலேட்டர் வழியாக அனுப்புங்கள். அனுப்பும் முன், மேஜரா மைனரா என்று காட்டும் மூன்றாம் சுரத்தை எடுத்துவிடுங்கள். அதை அப்படியே வைத்து நசுக்கினால் பிறக்கிற வித்தியாசங்கள் எதனோடும் ஒட்டாமல் கூழாகிவிடும். ராக் கிட்டார்காரர்கள் மூன்றாம் சுரத்தை அடிக்கடி விட்டுவிடுவது சோம்பலால் அல்ல.

தோடிக்கு வருகிறேன். துணிச்சல்தான் உங்களுக்கு. சாதாரண காந்தாரத்தை அசைக்கப் பிட்ச் வீலை, அதாவது கீபோர்டில் சுரத்தை மேலும் கீழும் இழுக்கும் சக்கரத்தை, பயன்படுத்தியிருக்கிறீர்கள். கணக்குப்படி அது எட்டும். காந்தாரத்திலிருந்து சுத்த ரிஷபம் இரண்டு அரைச்சுரம் கீழே, சுத்த மத்யமம் இரண்டு அரைச்சுரம் மேலே. வீலின் வழக்கமான எல்லையும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டுதான். ஆனால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாவற்றையும் வீல் சேர்த்து இழுக்கும். உங்கள் துண்டில் காந்தாரம் அசையும்போது கீழே ஒலிக்கிற ஷட்ஜமும் கூடவே ஆடுகிறது. தம்பூரா ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது, சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கிட்டாரில் ஒரு கம்பியை விரல் இழுக்கும்போது பக்கத்துக் கம்பி அதன்பாட்டுக்கு நிற்கும். ஆதாரத்தைத் தனிச் சேனலுக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி தீராது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வழக்கமான எட்டுக் கம்பி மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் உள்ள எலக்ட்ரிக் மாண்டலினைக் கையில் எடுத்தார். இரட்டைக் கம்பியில் கமகம் குழறும். மின்சாரம் இல்லாவிட்டால் சுரம் அசைந்து முடிப்பதற்குள் செத்துவிடும். ஒரு முறை மீட்டி, அந்த ஒலி மங்கிக்கொண்டு போகையிலேயே இடது கை அதை எங்கெல்லாமோ கூட்டிப் போவதில்தான் விஷயம் இருக்கிறது. சாம்பிளில் மங்குவது யாரோ எப்போதோ வாசித்த சுரம். அதை நீங்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறீர்கள்.

ஆக, கிட்டார் வாங்குங்கள். அதில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றில்லை. எழுதிய கார்டை மடியில் வைத்துப் பிடித்துப் பார்க்க, எந்தக் கம்பி என்று தெரிந்துகொள்ள. கை எட்டாததை அழித்துவிட்டு, மீதியைச் சாம்பிளிலேயே வாசியுங்கள். தோடி மெட்டை மட்டும் ஒரு கம்பியில் நீங்களே முயன்று பாருங்கள்; ஒரு கம்பிக்கு ஆறு மாதம் போதும், ஆறு கம்பிக்குத்தான் ஆயுள் வேண்டும்.

ஆம்ப் வாங்க வேண்டாம். கனத்த கட்டை உடம்புள்ள எலக்ட்ரிக் கிட்டார், ஒயரைச் செருகாவிட்டால் கொசு பாடுவது போலத்தான் கேட்கும். இரவு 10.30 முதல் காலை 7 வரை சத்தம் வேண்டாம் என்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) சொல்கிறது. அந்த நேரத்தில்தான் நான் வாசிக்கிறேன், பக்கத்து அறையில் தூங்குபவர்கள்கூட எழுந்ததில்லை. கணினியோடு இணைக்கும் உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று குறித்த துளையில் செருகுங்கள். சாதாரண லைன் துளையில் செருகினால் ஒலி கம்பளி போர்த்திக்கொண்டு வரும். கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்-அப், இரட்டைச் சுருளாக, அதாவது ஹம்பக்கராக உள்ளதாகப் பாருங்கள். ஒற்றைச் சுருளோடு கணினி எதிரே உட்கார்ந்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உர்ரென்று உள்ளே ஏறிவிடும். என் பழைய கிட்டாருக்கு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டால்தான் அடங்கும்.

நம் ஊர் ஈரம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். அக்கூஸ்டிக் வாங்கியிருந்தால் கவலைப்படச் சொல்வேன், கட்டை உடம்பு தாங்கும். கம்பி தாங்காது. இரண்டு வாரம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தால் விரல் நுனியில் கறுப்பாக ஒட்டும், சறுக்கும்போது உப்புத்தாள் போலப் பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒரு துடை. உங்கள் மனைவியின் கேள்விக்கு, சுவரில் மாட்டலாம் என்று சொல்லுங்கள். குளிரூட்டிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

புதிது தேவையில்லை. என்னுடையதைப் பழைய சாமான் விற்கும் கேரஸல் தளத்தில் 220 வெள்ளிக்குப் பிடித்தேன். நேரில் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் டோபி காட்டில் ரயில் மாறி சிட்டி ஹாலில் இறங்கி, பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்கு நடந்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை போகாதீர்கள், ஒரே நேரத்தில் நாலு பையன்கள் நாலு பாட்டை வாசித்துக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் காதில் விழாது. வார நாளில் போய், ஒயர் போடாமலே எல்லா ஃபிரெட்டையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எங்காவது நறநறத்தால் கீழே வைத்துவிடுங்கள்.

சண்டைக் காட்சியை மூன்றாம் சுரம் இல்லாமல் மறுபடி செய்தால் அனுப்புங்கள், கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்