கொலோகொட்ரோனிஸ்: கேள்வி பதில்

துருக்கிய ஒட்டோமான் பேரரசின் ஆட்சிக்கு எதிரான 1821 கிரேக்கப் புரட்சியின் தளபதி தியோடோரோஸ் கொலோகொட்ரோனிஸ் குறித்து வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மதுரை வாசகர்: அவர் முதலில் கொள்ளைக்காரர்தானே?

ஆமாம், மழுப்ப வேண்டியதில்லை. 1770இல் தென் கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில் பிறந்தவர். பத்து வயதில், ஒட்டோமான் படையோடு மோதிய தந்தையைப் பறிகொடுத்தார். 'கிளெஃப்ட்' எனப்பட்ட மலைக்கூட்டத்தில் வளர்ந்தார். சுல்தானின் அதிகாரிகளுக்கு அவர்கள் திருடர்கள், ஊர்ப்பாடல்களில் வீரர்கள். தேடுதல் வேட்டை முற்றியதும் 1806இல் சாகிந்தோஸ் தீவுக்குத் தப்பினார். அங்கே பிரிட்டிஷ் படையில் சேர்ந்து மேஜர் ஆனார். முறையான போர்ப்பயிற்சி கிடைத்தது அங்கேதான்.

கல்லூரி மாணவி: சிறிய படையால் எப்படி வென்றார்?

பொறுமையால். 1822 கோடையில் ஒட்டோமான் தளபதி திராமாலி பாஷா பெரும்படையோடு ஆர்கோஸ் சமவெளியில் இறங்கினார். கொலோகொட்ரோனிஸ் நேருக்கு நேர் மோதவில்லை. விளைச்சலைக் கொளுத்தி, கிணறுகளைப் பாழாக்கினார்கள். பசியும் தாகமும் தாங்காமல் பாஷா கொரிந்துக்குத் திரும்பியபோது, தெர்வனாக்கியா கணவாயின் இருபுறமும் கிரேக்கர்கள் காத்திருந்தார்கள்.

இன்னொரு வாசகர்: திரிபோலிட்சா படுகொலையில் அவர் பங்கு என்ன?

1821 அக்டோபரில், பெலொப்பொனீசில் ஒட்டோமான்கள் வசமிருந்த அந்த நகரம் கிரேக்கர்களிடம் விழுந்ததும் முஸ்லிம்களும் யூதர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். மதிலிலிருந்து அரண்மனை வரை பிணங்கள் கிடந்ததால் தம் குதிரையின் குளம்பு தரையில் படவில்லை என்று அவரே நினைவுக்குறிப்பில் சொல்கிறார். கிரேக்கர்களைத் தூக்கிலிட்டு வந்த கடைத்தெரு மரத்தைக் காட்டினார்களாம். பெருமூச்சு விட்டு அதை வெட்டச் சொன்னாராம். பழிக்கு ஒரு காரணம் இருந்தது, சரி. ஆனால் அதே நகரில் ஒட்டோமான் தரப்பில் இருந்த அல்பேனிய வீரர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, அவர்களைப் பத்திரமாக வெளியேற்றினார். நினைத்தால் தம் ஆட்களைக் கட்டுப்படுத்த அவரால் முடிந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கோவை வாசகர்: சொந்த நாட்டவரே சிறையில் அடைத்தார்களா?

இருமுறை. உள்நாட்டுச் சண்டையில் மகன் பானோஸ் சுடப்பட்டு இறந்தார். தந்தையை ஹைட்ரா தீவில் அடைத்தார்கள். 1825இல் எகிப்தியப் படையோடு புரட்சியை அடக்க இப்ராஹிம் பாஷா வந்து இறங்கியதும், வேறு வழியின்றி விடுவித்தார்கள். 1834இல், விடுதலை பெற்ற கிரேக்கத்தின் மன்னர் ஓட்டோவின் ஆட்சிக்குழு தேசத்துரோக வழக்குப் போட்டு மரண தண்டனை வாங்கித்தந்தது. பொலிசோயிதிஸ், தெர்செத்திஸ் என்ற இரு நீதிபதிகள் கையெழுத்திட மறுத்தார்கள். படைவீரர்களை விட்டு இழுத்துவந்து ஆசனத்தில் உட்காரவைத்தும் அவர்கள் அசையவில்லை. தண்டனை குறைக்கப்பட்டு, 1835இல் வெளியே வந்தார். மறு ஆண்டு அவர் தம் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் அதே தெர்செத்திஸ்!

பயணம் போகவிருக்கும் வாசகர்: ஏதென்ஸில் என்ன பார்க்கலாம்?

பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போங்கள். வெளியே குதிரைமேல் அவர் சிலை, உள்ளே அருங்காட்சியகத்தில் அவருடைய தலைக்கவசம்.