தடுப்பானைச் சேர்த்தும் புரதத்தின் வடிவம் மாறவில்லையா? டியூட்டீரியக் கணக்கை முதலில் பாருங்கள்

கேள்வி: எங்கள் என்சைமோடு ஒரு தடுப்பானைச் சேர்த்து, கனநீரில் புரதத்தின் ஹைட்ரஜனுக்குப் பதில் அதைவிடக் கனமான டியூட்டீரியம் ஏறும் ஹைட்ரஜன்-டியூட்டீரியம் பரிமாற்றத்தை (எச்டிஎக்ஸ்), எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தோம். என்சைம் 20, தடுப்பான் 100 மைக்ரோமோலார். பிரிகை மாறிலி (பாதி என்சைம் பிடிபட்டிருக்கத் தேவையான தனித் தடுப்பானின் செறிவு) 5 மைக்ரோமோலார். கலவையைக் கனநீர் பஃபரில் 20 மடங்கு நீர்த்தோம். பெப்சின் வெட்டிய துண்டுகளில் (பெப்டைடுகளில்) எதிலும் 0.2 டால்டனுக்கு மேல் எடை வேறுபாடு இல்லை (ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 1 டால்டன்). முழுதும் டியூட்டீரியம் ஏற்றிய மாதிரியில், ஒரு புரோலின் உள்ள 10 அமினோ அமிலப் பெப்டைடின் எடை 3.1 டால்டன் கூடியது. வடிவம் மாறவில்லை என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் தந்த எண்களிலேயே இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது, நீர்த்தல். நீர்க்கும் முன் டியூபில் 94 விழுக்காடு என்சைம் தடுப்பானைப் பிடித்திருக்கும். அதுவரை சரி. வெறும் கனநீர் பஃபரில் 20 மடங்கு நீர்த்ததும் என்சைம் 1, தடுப்பான் 5 மைக்ரோமோலார் ஆகிவிடுகிறது. பிடிப்பு 48 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. மைக்ரோமோலார் அளவிலான பிணைப்பு பொதுவாக வேகமாக விட்டுவிட்டுப் பிடிக்கும் என்பதால், தடுப்பானோடு அளந்ததாக நினைத்த நேரத்தில் பாதிக்கு மேல் வெறும் என்சைமைத்தான் அளந்திருக்கிறீர்கள். கனநீர் பஃபரிலும் 100 மைக்ரோமோலார் தடுப்பானைக் கரைத்து வையுங்கள். பிடிப்பு 95 விழுக்காட்டில் நிற்கும். தடுப்பான் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் இருந்தால், தடுப்பான் இல்லாத டியூபுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ போக வேண்டும். கனநீர் பஃபரின் பிஎச் மீட்டர் 7.0 காட்டினால் உண்மையான பிடி (pD, கனநீரில் பிஎச்சுக்கு இணையான அளவு) 7.4; இந்த 0.4ஐ மறப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது ஓட்டை பெரியது. ஏறிய டியூட்டீரியம் மாஸ் ஸ்பெக்கை எட்டும் முன்பே உதிர்ந்துவிடுகிறது. அந்த 10 அமினோ அமிலப் பெப்டைடில் அமைடு ஹைட்ரஜன் (சங்கிலியின் முதுகெலும்பில் நைட்ரஜனோடு இருக்கும் ஹைட்ரஜன்) இல்லாத முதல் அமினோ அமிலத்தையும் புரோலினையும் கழித்தால் மிஞ்சுவது 8 அமைடு ஹைட்ரஜன்கள். 20 மடங்கு நீர்த்தலில் கனநீர் 95 விழுக்காடு; எனவே எடை 8 × 1.006 × 0.95, அதாவது சுமார் 7.6 டால்டன் ஏறியிருக்க வேண்டும். கிடைத்தது 3.1. இழப்பு 60 விழுக்காடு! (இரண்டு மின்சுமை கொண்ட அயனியில் எடை-மின்சுமை விகித அச்சில் தெரியும் நகர்வை இரண்டால் பெருக்கினீர்களா என்பதையும் ஒருமுறை பாருங்கள். பெருக்க மறந்திருந்தால் உண்மையான ஏற்றம் 6.2, இழப்பும் வெறும் 19 விழுக்காடு.) நல்ல அமைப்பில் இழப்பு 20 முதல் 40 விழுக்காட்டுக்குள் நிற்கும். ஒரே நாளில், ஒரே நிலையில் ஓட்டிய இரு மாதிரிகளை ஒப்பிட இழப்பைத் திருத்த வேண்டிய அவசியமில்லை என்பது உண்மைதான். ஆனால் 60 விழுக்காடு போனால், 0.5 டால்டன் உண்மை வேறுபாடுகூட 0.2 ஆகச் சுருங்கி இரைச்சலுக்குள் மறைந்துவிடும்.

உதிர்வுக்குக் காரணம் தேடும்போது முதலில் பிஎச்சைச் சந்தேகியுங்கள். அமைடு ஹைட்ரஜன் மிக மெதுவாக மாறுவது பிஎச் 2.5 அருகில், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் வேகம் 10 மடங்கு கூடும். 3.0 வந்தாலே ஏறத்தாழ மூன்று மடங்கு. பரிமாற்றத்தை நிறுத்தச் சேர்க்கும் அமில பஃபர் (நிறுத்தும் பஃபர்) பாட்டிலில் 2.5 காட்டுவதில் பயனில்லை. மாதிரியோடு கலந்த பிறகு என்ன என்பதே கேள்வி. புரதம் இல்லாமல் மாதிரி பஃபர் 1 மில்லிலிட்டர், நிறுத்தும் பஃபர் 1 மில்லிலிட்டர் ஐஸில் கலந்து அளந்து, 2.5 வரும்வரை நிறுத்தும் பஃபரைச் சரிசெய்யுங்கள். புரதத்தை விரிக்கும் குவானிடின் சேர்ப்பதானால் சேர்த்த பிறகே அளக்க வேண்டும். டைசல்ஃபைடு பிணைப்பை (இரு கந்தக அணுக்களின் பிணைப்பு) உடைக்கும் வேதிப்பொருள்களில் டிடிடி இந்த அமிலத்தில் வேலை செய்யாது, டிசிஇபி செய்யும்.

அடுத்தது வெப்பமும் நேரமும். பிஎச் 2.5, 0 டிகிரியில் அமைடு டியூட்டீரியத்தின் அரை ஆயுள் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை, அமினோ அமில வரிசையைப் பொறுத்து. திரவ நைட்ரஜனில் உறையவைத்த டியூபை ஒவ்வொன்றாக எடுத்து, விரல்களுக்கிடையே உருட்டி, கடைசி ஐஸ் துணுக்கு மிஞ்சும்போதே ஊசியில் இழுத்துவிடுங்கள். வரிசையாக உருக்கி வைத்துக் காத்திருப்பதுதான் பலருக்குக் கைவந்த தவறு. புரதத்தை வெட்டும் பெப்சின் நிரல் மட்டும் 15-20 டிகிரியில் இருக்கலாம், மாதிரி அதில் இருப்பது கொஞ்ச நேரமே. பெப்டைடுகளைப் பிரிக்கும் சி18 நிரலும் இணைக்கும் குழாய்களும் 0 டிகிரியில் இருக்கட்டும். சரிவு (கரைப்பான் கலவையைப் படிப்படியாக மாற்றிப் பெப்டைடுகளை இறக்குவது) 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அயனியாக்கும் பகுதியின் வெப்பமும் தன் பங்குக்கு உதிர்க்கும். சிக்னல் தாங்கும்வரை குறைத்துப் பாருங்கள்.

ஓட்டங்களுக்கு நடுவே மாதிரி இல்லாமல் ஒரு வெற்று ஓட்டம் விடுங்கள். முந்தைய ஓட்டத்தின் பெப்டைடு நிரலில் ஒட்டிக்கொண்டு டியூட்டீரியத்தை இழந்து அடுத்ததில் இறங்கினால், ஒரே பெப்டைடுக்கு இரட்டை முகடு தெரியும். அதைப் பார்த்து இரண்டு வடிவங்கள் என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

இவ்வளவும் சரியான பிறகு 10 நொடி, 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 4 மணி என ஒவ்வொரு நேரத்துக்கும் மூன்று மாதிரி ஓட்டுங்கள். அப்போதும் வேறுபாடு வராமல் போகலாம். இந்த முறை பார்ப்பது முதுகெலும்பு அமைடு ஹைட்ரஜன்கள் எவ்வளவு பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டுமே. பக்கச் சங்கிலிகளை மட்டும் தொட்டு உட்காரும் தடுப்பான் இதில் தடம் பதிக்காமல் போவது புதிதல்ல. எனவே “வடிவம் மாறவில்லை” என்று எழுதாதீர்கள். “பெப்டைடுகள் மூடிய பகுதிகளில், இந்த நேர இடைவெளிகளில், முதுகெலும்பின் பாதுகாப்பில் அளவிடத்தக்க வேறுபாடு இல்லை” என்று எழுதி, புரதத்தின் அமினோ அமில வரிசையில் எத்தனை விழுக்காட்டைப் பெப்டைடுகள் மூடின என்ற எண்ணையும் பக்கத்திலேயே போடுங்கள்.