இறால் முள் குத்திய கை வீங்கினால் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

முல்லைத்தீவு நந்திக்கடல் களப்பில் வலை இழுத்த அப்பாவுக்கு விரலில் முள் குத்தி, மறுநாளே புறங்கை வீங்கிவிட்டது, பத்துப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இன்றே கொண்டு போங்கள்.

வீக்கத்தைவிட வலியைக் கவனியுங்கள். காயம் சின்னது, வலி மட்டும் தாங்க முடியவில்லை என்றால் தசையை மூடியிருக்கும் உறை அழுகத் தொடங்கியிருக்கலாம். பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போடுங்கள். ஓரிரு மணித்தியாலத்தில் கோட்டைத் தாண்டினால், தோல் ஊதா நிறமானால், கொப்புளம் வந்தால், அமுக்கும்போது நறநறத்தால், காய்ச்சலோடு தடுமாறிப் பேசினால் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சை அழையுங்கள். தோல் மரத்து வலி குறைவதும் நல்ல அறிகுறியல்ல, நரம்பு செத்துக்கொண்டிருக்கலாம்.

விரல் முழுக்கத் தடித்து, மடங்கியே நின்று, மெல்ல நிமிர்த்தினாலே கத்துகிறார் என்றால் அது விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அதுவும் அவசரம்தான், விட்டால் விரல் விறைத்துப் போகும்.

அழுகல் என்றால் மாத்திரை மட்டும் போதாது. நாளத்தில் அன்ரிபயோட்டிக் ஏற்றி, ஒப்பரேஷன் தியேட்டரில் செத்த சதையை வெட்டி எடுப்பார்கள், பெரும்பாலும் திரும்பத் திரும்ப. உப்புநீரில் பட்ட காயம் என்று கட்டாயம் சொல்லுங்கள். உப்புநீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமிக்கு மருந்துத் தெரிவு மாறும். சலரோகம், ஈரல் வருத்தம், குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

போகுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.