கண்ணில் காசநோய்: மருந்து தொடங்கிய பின் பார்வை மங்கினால்?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. வலது கண் சிவந்து பார்வை மங்கியதால் மட்டக்களப்பில் கண் வைத்திய நிபுணரிடம் காட்டினோம். கண்ணில் காசநோய் என்று கூறி மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார். இருமல் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் தெளிவு. குளிசை தொடங்கி 3 வாரங்களில் அந்தக் கண் இன்னும் மங்கிவிட்டது. நிறுத்திவிடலாமா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றே கண் பிரிவுக்குச் செல்லுங்கள்.

காசநோய்க் கிருமி நுரையீரலில் அடையாளம் எதுவும் காட்டாமல் இரத்தத்தின் வழியே கண்ணின் நடுப்படலத்தை அடையக்கூடும் என்பதால், இருமல் இல்லாததும் எக்ஸ்ரே தெளிவாயிருப்பதும் இந்நோய் இல்லை என்பதற்குச் சான்றாகா. கண்ணுக்குள்ளிருந்து திசுவை எடுத்துச் சோதிப்பது பார்வைக்கே ஆபத்தாகலாம். ஆகவே விழித்திரையின் தோற்றம், காசநோய்க் கிருமி உடலில் புகுந்துள்ளதா என்று காட்டும் மான்டூ தோற் பரிசோதனை அல்லது இரத்தப் பரிசோதனை, கண்ணில் இதுபோன்ற அழற்சி தரும் சிபிலிஸ் (பாலியல் தொற்று), சார்கொய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் தோன்றும் நோய்) போன்றவை இல்லை என்ற உறுதி ஆகியவற்றைச் சேர்த்தே நிபுணர் முடிவெடுக்கிறார். பிறந்தவுடன் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி ஏற்றும் நம் நாட்டில், அந்த ஊசியாலும் வரக்கூடிய மான்டூ தடிப்பை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

பார்வை மங்கியதற்கு முதலில் ஐயுற வேண்டியது, கிருமிகள் மடியும்போது உடலின் எதிர்ப்பு கிளர்ந்து அழற்சி கூடுவதை. சிகிச்சையின் முதல் வாரங்களில் இது நேர்வதுண்டு. அப்போது காசநோய் மருந்தைத் தொடர்ந்தபடியே அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டைச் சேர்ப்பார்கள் அல்லது அதன் அளவைக் கூட்டுவார்கள். காசநோய் மருந்துகளுள் ஒன்றான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் வலுவைக் குறைத்துவிடும் என்பதால் வழமையான அளவு போதாமலும் போகலாம். காசநோய் மருந்தின்றி ஸ்டீராய்டை மட்டும் எடுப்பதோ கிருமிக்குத் தீனி போடுவதாகும்.

இன்னொரு காரணம் எதாம்பியூட்டோல் என்னும் காசநோய் மருந்தாக இருக்கலாம். அது பார்வை நரம்பைத் தாக்கினால் பெரும்பாலும் இரு கண்களும் மங்கி, சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரியும். பொதுவாக ஓரிரு மாதங்களின் பின்னரே தோன்றும், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு முந்தலாம். உங்கள் கணவருக்கு ஒரு கண் மட்டுமே மங்கியிருப்பதால் இதன் வாய்ப்புக் குறைவு. எனினும் நிறப்பார்வையைச் சோதிக்குமாறு கேளுங்கள். இம்மருந்துதான் காரணம் என்று ஐயம் எழுந்தால் வைத்தியர் அதை உடனே நிறுத்திவிடுவார். மருந்துக்கு அடங்காத கிருமியா, நோய் வேறொன்றா என்பதையும் அவர் மீண்டும் ஆராய்வார். சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசினால். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

சிகிச்சை 6 முதல் 9 மாதங்கள் வரை நீளலாம். கண்ணில் மட்டும் உள்ள காசநோய் பிறருக்குத் தொற்றாது. ஆயினும் வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். அவருக்குக் கிருமியைக் கொடுத்தவர், நெடுநாள் இருமலைப் பொருட்படுத்தாத உறவினர் ஒருவராகவும் இருக்கலாம்.