பாட்டி மாற்றிப் பாடும் வரி

வணக்கம்.

நாங்கள் ஒன்பது பேர். குடியிருப்பை ஒட்டிய ஏரிக்கரையில் குப்பை கொட்டுவதை நிறுத்தச் சொல்லி மூன்று ஆண்டுகளாகப் பாட்டு, சுவரோவியம், வீதி நாடகம் என்று செய்துவருகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை கரையிலேயே ஒரு மாலை நிகழ்ச்சியும் நடத்துகிறோம். முதல் ஆண்டு நாற்பது பேர் வந்தார்கள். இந்த முறை உட்கார இடமில்லை. ஆனால் கைதட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். மறுநாள் காலை குப்பை லாரி வழக்கம்போல் வருகிறது. எங்களில் ஒருவர், "பாடினது போதும், இனி மனுவும் வழக்கும்தான்" என்று சொல்லி விலகிவிட்டார். அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு சின்ன வருத்தமும் உண்டு. நான் எழுதி மெட்டமைத்த பாட்டைக் கரையோரம் வசிக்கும் ஒரு பாட்டி தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பாடுகிறார். பிள்ளைகளும் அவர் பாடுவதையே பிடித்துக்கொண்டார்கள். திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. மேடையில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது குழப்பமாகிறது.

கலையால் உண்மையில் எதையாவது மாற்ற முடியுமா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

சின்ன வருத்தம் என்று நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய செய்தி. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கேள்வி.

பாட்டு லாரியை நிறுத்தாது. லாரியை நிறுத்துவது ஓர் உத்தரவு, இல்லையென்றால் வழிமறித்து நிற்கும் நூறு பேர். அந்த அளவில் உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் மனு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று பிரித்து, ஏதோ ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதுபோல் அவர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிலி நாட்டில் 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் தலைநகர் சாந்தியாகோவில் ஒன்றுகூடித் தைக்க ஆரம்பித்தார்கள். சாக்குத் துணியின்மேல் கிழிசல் துண்டுகளை வைத்துத் தைத்த சிறு படங்கள் அவை. அர்பியேரா என்று பெயர். காணாமல் போன மகனின் சட்டையிலிருந்தே துண்டை வெட்டிச் சேர்த்தவர்களும் உண்டு. பளிச்சென்ற நிறங்கள், பின்னால் மலை, மேலே சூரியன். உற்றுப் பார்த்தால் அங்கே போலீஸ் வண்டி நிற்கும், 'அவர்கள் எங்கே?' என்ற எழுத்து இருக்கும். இந்தப் படங்கள் வெளிநாடுகளுக்குப் போய் விற்றன. அந்தப் பணத்தில் வீட்டில் அடுப்பு எரிந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுத முடியாததை வெளியில் இருந்தவர்கள் அந்தத் துணியில் படித்தார்கள்.

சரி, இதில் மனு எங்கே வருகிறது? கத்தோலிக்கத் திருச்சபை 1976-இல் விகாரியா தெ லா சொலிதாரிதாத் என்ற அமைப்பைத் தொடங்கியது. அந்தப் பெண்களின் தையல் பட்டறைகளுக்கு ஆதரவு கொடுத்ததும் அதுதான். காணாமல் போனவர்களுக்காக நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களைப் போட்ட வழக்கறிஞர்கள் வேலை செய்ததும் அதே அமைப்பில்தான். மனுக்கள் பெரும்பாலும் தள்ளுபடியாயின. ஆனாலும் ஒவ்வொன்றையும் பதிவுசெய்து கோப்பாக வைத்தார்கள். 1990-இல் ஜனநாயகம் திரும்பி உண்மை அறியும் ஆணையம் அமைந்தபோது அந்தக் கோப்புகள்தான் கைகொடுத்தன. நீதிமன்றம் கைவிட்ட நாளில் அந்தப் பெண்கள் மறுபடி எழுந்து வர ஓர் இடம் வேண்டுமல்லவா? தையல் மேசை அந்த இடம். அது இல்லாமல் இத்தனை ஆண்டுகள் வழக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

எனவே உங்கள் நண்பரைத் திரும்ப அழையுங்கள். அவர் மனு எழுதட்டும். நிகழ்ச்சியின் வாசலில் அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். வந்தவர்கள் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டுப் போகட்டும். அடுத்த கூட்டம் என்றைக்கு, எங்கே என்பதைக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அறிவியுங்கள். கடைசிப் பாட்டு முடிந்தபின் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

சுவரோவியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. ஓவியம் அழகாக இருந்தால் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், பின்னால் இருக்கும் குப்பைமேடு கண்ணில் படாது. பாதிச் சுவரை வெள்ளையாகவே விடுங்கள். இன்று எத்தனை லாரி வந்தது என்று பிள்ளைகள் தினமும் தேதியோடு அங்கே எழுதட்டும். மாதக் கடைசியில் அதைப் படம் எடுத்து நண்பரின் மனுவோடு இணையுங்கள். எதிரில் இருப்பவர் மறுக்க முடியாத சித்திரம் அது.

கூட்டம் பெருகியதைச் சொன்னீர்கள். நான் வேறொன்றைக் கேட்பேன். முதல் ஆண்டு பார்க்க வந்த நாற்பது பேரில் இன்று உங்களோடு ஒத்திகைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்? மூன்று ஆண்டுகளாக அதே ஒன்பது பேர் என்றால் அங்கேதான் கோளாறு. எஸ்டோனியாவில் 1988 செப்டம்பரில், சோவியத் ஆட்சி இருந்தபோதே, தாலின் நகரப் பாட்டுத் திடலில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கூடிப் பாடினார்கள். மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. அது ஒரே நாளில் திரண்ட கூட்டம் இல்லை. 1869 முதல் அந்த நாட்டில் பாட்டுவிழா நடக்கிறது. பள்ளியிலும் ஊரிலும் தொழிற்சாலையிலும் பாட்டுக்குழுக்கள் கூடிக் கூடிப் பயிற்சி எடுத்தவை. ஒருவரையொருவர் நம்புகிற பழக்கம் ஒத்திகையில்தான் வந்தது. மேடைநாள் என்பது கூட்டம் அதைத் தனக்கே காட்டிக்கொள்ளும் நாள், அவ்வளவுதான். ஆகவே ஆண்டுக்கு ஒரு பெரிய மாலையைக் குறைத்துக்கொண்டு, வாரம் ஒருநாள் கரையோர வீடுகளில் பாடப் போங்கள். ஒலிபெருக்கி வேண்டாம்.

இப்போது பாட்டி.

1945 இறுதியில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் ஒரு சுருட்டு ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பல மாதம் நீடித்தது. நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். தேவாலயத்தில் 'நான் வெல்வேன்' என்று தனி ஒருவர் குரலாக இருந்த பாட்டை, அவர்கள் 'நாங்கள் வெல்வோம்' என்று மாற்றிப் பாடினார்கள். லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி அதை மிக மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடுவார். டென்னசி மாநிலத்தில் தொழிலாளர்களுக்கும் உரிமைப் போராளிகளுக்கும் பயிற்சி தந்த ஹைலாண்டர் பள்ளிக்கு அந்தப் பெண்கள் பாட்டைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது பல கைகளுக்குப் போனது. ஒருவர் ஒரு சொல்லை மாற்றினார், இன்னொருவர் தாளத்தை மாற்றினார். 1959-இல் ஓர் இரவு போலீஸ் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தது. விளக்குகள் அணைந்த இருட்டில், அங்கிருந்த ஒரு பதின்வயதுப் பெண் அந்தப் பாட்டில் இல்லாத ஒரு வரியை எடுத்தாள்: 'எங்களுக்குப் பயமில்லை.' மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து அது பாட்டின் ஒரு சரணம். அதற்கடுத்த ஆண்டு கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மாணவர் இயக்கம் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது.

அந்தப் பெண்ணிடம் யாராவது, "தப்பாகப் பாடுகிறாய் அம்மா" என்று சொல்லியிருந்தால்?

எனக்கும் இது பட்டுத் தெரிந்த விஷயம். பல வருடங்களுக்கு முன் ஒரு குழுவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். அருமையான சந்தம் என்றார்கள். குழுவைத் தவிர ஒருவர் வாயிலும் அது ஏறவில்லை. இன்னொருவர் சொல் நுழைய அந்தப் பாட்டில் நான் இடமே விட்டிருக்கவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பாட்டில் இடம் இருக்கிறது. குப்பைப் புகையில் மூச்சுவிடுகிற ஒருவர் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் அவர் பக்கம் போனது, அவர் வரி வாய்க்கு எளிதாக இருப்பதால் மட்டும் இருக்காது. அதில் அவர்களுக்குத் தெரிந்த ஏதோ உண்மை இருக்க வேண்டும்.

மேடையில் குழப்பம் வந்தால் நீங்கள்தான் மாற வேண்டும். அடுத்த முறை பல்லவியை அவரே எடுக்கட்டும், நீங்கள் ஒன்பது பேரும் பின்பாட்டுப் பாடுங்கள். சரணத்துக்குச் சரணம் கொஞ்சம் நிறுத்தி, கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் ஒரு வரி சேர்க்கலாம் என்று விட்டுப் பாருங்கள்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவர் மாற்றிப் பாடுகிற வரி என்ன என்று மட்டும் எழுதவில்லை. அதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள்.